வெஸ்னோத்தில் எதிரியைப் படிப்பது எப்படி: ஆர்க்குகளும் பிணப்படையும்

கேள்வி சுருக்கமாக இதுதான். பேட்டில் ஃபார் வெஸ்னோத் விளையாட்டில் மனிதர் படையான லாயலிஸ்ட்களை வைத்து ஆடுகிறீர்கள். ஆர்க்குகள் என்ற முரட்டு அரக்க இனம் வந்தாலும் சரி, பிணப்படை வந்தாலும் சரி, முதல் இரவிலேயே பாதிப் படை காலியாகிவிடுகிறது. எந்த எதிரிக்குப் பயப்பட வேண்டும், அவற்றின் திறன்களை எப்படிப் புரிந்துகொள்வது?

எதிரியின் லெவலையும் எச்பி-யையும் (உயிர்ப்புள்ளிகளையும்) பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அதன் திறன் யாருடைய முறையில் (டர்னில்) வேலை செய்கிறது. இரண்டு, எந்த வகை ஆயுதத்துக்கு அதனிடம் பதிலடி கிடையாது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வெஸ்னோத்தில் எந்த எதிரியையும் எங்கே நிறுத்தி அடிப்பது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

விளையாட்டைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காக இரண்டு வரி. டேவிட் ஒயிட் 2003-ல் தொடங்கிய இலவச, திறந்த மூல விளையாட்டு இது, 1.0 பதிப்பு 2005-ல் வந்தது. அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடத்தில் இரு தரப்பும் மாறி மாறிப் படையை நகர்த்தும். நான் கீழே தரும் எண்கள் எந்தச் சிறப்புப் பண்பும் சேராத அடிப்படை எண்கள். பதிப்புக்குப் பதிப்பு சில எண்கள் மாறும். யூனிட்டின் மேல் வலது கிளிக் செய்து விவரத்தைத் திறந்தால் உங்கள் பதிப்பில் இருப்பது தெரியும். அதை ஒவ்வொரு புது எதிரிக்கும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். ஆட்டத்தில் பாதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் இரவு. வெஸ்னோத்தில் ஒரு நாள் என்பது ஆறு முறை: விடியல், காலை, பிற்பகல், அந்தி, அப்புறம் இரவு இரண்டு முறை. மனிதர்களில் பெரும்பாலோர் லாஃபுல். பகலில் அவர்களுடைய அடி 25% கூடும், இரவில் 25% குறையும். ஆர்க்குகளும் பிணப்படையும் கேயாட்டிக், அதாவது நேர் எதிர். விடியலிலும் அந்தியிலும் இரு தரப்புக்கும் சமம். சுரங்கம், குகை போன்ற இடங்களில் எப்போதும் இரவுக் கணக்குதான். 25% என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. களத்தில் அது என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆர்க்குகளின் அடிப்படைச் சிப்பாய் கிரண்ட். 12 தங்கம், 38 எச்பி, வாளால் 9 வீதம் இரண்டு வீச்சு. நம்முடைய ஈட்டிக்காரன் ஸ்பியர்மேன் 14 தங்கம், 36 எச்பி. இரவில் கிரண்டின் ஒரு வீச்சு 11 ஆகிவிடும், பகலில் 7 ஆக இறங்கிவிடும். சமவெளிப் புல்லில் நிற்கும் ஸ்பியர்மேனுக்குத் தப்பிக்கும் வாய்ப்பு 40% மட்டுமே. ஒவ்வொரு வீச்சும் படுவதற்கு 60% வாய்ப்பு. இரவில் மூன்று கிரண்ட்கள் அவனைச் சூழ்ந்தால் மொத்தம் ஆறு வீச்சு. அதில் நான்கு பட்டால் 44, ஆள் முடிந்தான். அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 54%. அதே ஸ்பியர்மேன் ஒரு கிராமத்தில் நின்றால் தப்பிக்கும் வாய்ப்பு 60%. அப்போது சாகும் வாய்ப்பு 18%-க்கு இறங்குகிறது. அவனைத் தொடக்கூடிய கிரண்ட்கள் இரண்டே என்று ஆக்கிவிட்டால், நான்கு வீச்சும் பட்டாக வேண்டும். புல்வெளியில் 13%, கிராமத்தில் 3%-க்கும் கீழே.

பகலில் அதே மூன்று கிரண்ட்கள் வரட்டும். ஐந்து வீச்சு பட்டாலும் 35 தான். ஸ்பியர்மேன் ஒரே ஒரு எச்பி-யோடு நிற்பான். ஆறும் பட்டால்தான் சாவு. புல்வெளியில்கூட அதற்கு வாய்ப்பு 5%-க்கும் குறைவு. இரண்டு கிரண்ட்கள் என்றால் பகலில் அவனைக் கொல்லவே முடியாது. கிரண்டில் ஸ்ட்ராங் என்ற பண்பு உள்ளவன் வந்தால் இந்தக் கணக்குக் கொஞ்சம் அவன் பக்கம் சாயும், ஆனால் படம் மாறாது. முதல் இரவில் பாதிப் படை போவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது: இருட்டில், சமவெளியில், மூன்று பக்கமும் திறந்து நிற்கும் ஆள். எதிரியின் திறன் எதுவும் இதில் இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிரண்டுக்குச் சிறப்புத் திறன் ஒன்றுகூடக் கிடையாது.

மூன்றை இரண்டாக்குவது வரிசையின் வேலை. வெஸ்னோத்தின் கட்டங்களில் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வரிசை பிடித்தால், நடுவில் இருக்கும் ஒவ்வொரு ஆளையும் முன்னாலிருந்து இரண்டு கட்டங்களிலிருந்து மட்டுமே அடிக்க முடியும். கிடைமட்டமாக வரிசை பிடித்தால் அது வளைந்து வளைந்து போகும். அதில் முன்னே துருத்தி நிற்பவனுக்கு மூன்று கட்டம் திறந்திருக்கும், உள்ளே தள்ளி நிற்பவனுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே முழு எச்பி உள்ள ஆளைத் துருத்தும் இடத்திலும், மேஜ் (மந்திரவாதி) மாதிரி மெல்லிய ஆளை உள்தள்ளிய இடத்திலும் வைக்க வேண்டும். துருத்தும் இடத்தில் காடு, மலை, கிராமம் என்று ஏதாவது வந்தால் இன்னும் நல்லது.

ஆள் குறைவாக இருந்தால் இடைவெளி விட்டும் நிறுத்தலாம். லெவல் 1-ம் அதற்கு மேலும் உள்ள எந்த யூனிட்டும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும். எதிரி அதற்குள் கால் வைத்தால் அந்த முறைக்கான நடை அங்கேயே முடிந்தது. இரண்டு ஆட்களுக்கு நடுவே இரண்டு காலிக் கட்டங்கள் இருந்தாலும் ஒரே முறையில் யாரும் ஊடுருவ முடியாது. இதை மீறுபவர்கள் ஸ்கர்மிஷர் திறன் உள்ளவர்கள் மட்டும்தான். அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கிரண்டிடம் இருக்கும் ஓட்டை என்ன? தூர ஆயுதம் இல்லை. வெஸ்னோத்தில் நீங்கள் எந்த வகை ஆயுதத்தால் அடிக்கிறீர்களோ அதே வகையால்தான் எதிரி திருப்பி அடிப்பான். கிட்டப்போய் அடித்தால் கிட்டத்து ஆயுதம், தூரத்திலிருந்து அடித்தால் தூரத்து ஆயுதம். நம் மேஜ் கிரண்டை நெருப்பால் அடிக்கும்போது கிரண்ட் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மேஜின் அடி 7 வீதம் மூன்று, பகலில் 9. மேஜிக்கல் என்பதால் எதிரி எங்கே நின்றாலும் 70% படும். பகலில் இரண்டு மேஜ்கள் சேர்ந்தால் சராசரியாக 38-ஐ ஒட்டி அடித்துவிடுவார்கள். கிரண்டின் முழு எச்பி அதுதான். நம் பக்கம் ஒரு கீறல்கூட விழாது. மேஜின் விலை 20 தங்கம் என்று தயங்கி எல்லாத் தங்கத்தையும் ஸ்பியர்மேனில் போடுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். ஆனால் அந்த மேஜ்கள் நம் முறையில்தான் ராஜா. எதிரியின் முறையில் அவர்கள் 24 எச்பி-யோடு நிற்கும் மெல்லிய ஆட்கள். அடித்துவிட்டு எங்கே நிற்கப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் அவர்களை முன்னே விட வேண்டும்.

இனி திறன்கள். எல்லாத் திறனையும் மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம். தன் முறையில் தாக்கும்போது மட்டும் வேலை செய்பவை முதல் குவியல். சார்ஜ், மார்க்ஸ்மேன், பேக்ஸ்டாப் மூன்றும் இதில் வரும். தாக்கினாலும் தாக்கப்பட்டாலும் வேலை செய்பவை அடுத்தது: மேஜிக்கல், டிரெய்ன்ஸ், பாய்சன், ஸ்லோ (எதிரியை மந்தமாக்குவது), ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் (தாக்கப்பட்டாலும் முதல் அடி தனது), பெர்செர்க், பிளேக். கடைசியாக, சண்டையே இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருப்பவை: காயம் ஆற்றும் ரீஜெனரேட்ஸ், ஒளிந்துகொள்ளும் திறன்கள் முதலியவை. முதல் குவியலில் உள்ள எதிரியை நாம் முந்திக்கொண்டு அடிக்க வேண்டும், ஏனென்றால் நம் முறையில் அவன் சாதாரண ஆள். இரண்டாவது குவியலில் உள்ளவனை எந்த ஆயுதத்தால் தொடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவதில் உள்ளவனிடம் நேரத்தை வீணாக்கக் கூடாது.

ஆர்க்கிஷ் அசாசினை எடுத்துக்கொள்ளுங்கள். வீசும் கத்தி 3 வீதம் மூன்று, மார்க்ஸ்மேனும் பாய்சனும் சேர்ந்து. மார்க்ஸ்மேன் என்றால் நாம் கோட்டைக்குள் நின்றாலும் அவன் தாக்கும்போது குறைந்தது 60% படும். அடி சின்னது, விஷம்தான் பெரியது. விஷம் ஏறிய ஆளுக்கு ஒவ்வொரு முறையும் 8 எச்பி போகும். 1 எச்பி வரை இறக்கும், ஆனால் அதுவே கொல்லாது. கிராமத்துக்குப் போனால் முறிந்துவிடும், ஆனால் அந்த முறை காயம் ஆறாது. எல்ஃப்களின் ஷாமன் மாதிரி 4 எச்பி ஆற்றுபவர் பக்கத்தில் இருந்தால் அந்த முறைக்கு விஷம் நிற்கும், முறியாது. முறிக்க வேண்டுமானால் மேஜ் லெவல் உயர்ந்து ஆகும் ஒயிட் மேஜ் வேண்டும். ஒரே அசாசின் இரண்டு இரவு முறைகளில் நம் ஆட்கள் இரண்டு பேரைக் கிராமத்துக்குத் துரத்திவிடுவான். வரிசையில் இரண்டு ஓட்டை விழும், அந்த ஓட்டையில் கிரண்ட் நுழைவான். அசாசின் நேரடியாகக் கொல்வது குறைவு. அவன் உண்டாக்கும் ஓட்டைதான் கொல்கிறது.

நம் முறையில் அவனைப் பாருங்கள். கிட்டப்போனால் அவனிடம் இருப்பது ஒரே ஒரு குத்து, 8. விஷமும் கிடையாது. 26 எச்பி. தப்பிக்கும் வாய்ப்பு அவனுக்கு அதிகம் என்பதால் ஒரு ஆளை அனுப்பிப் பயனில்லை. இரண்டு மூன்று பேர் கிட்டப்போய் அடிக்க வேண்டும், அல்லது மேஜ் 70%-ல் அடிக்க வேண்டும். மேஜ் அடித்தால் கத்தி திரும்பி வரும், விஷத்தோடு. ஆகவே முதலில் ஸ்பியர்மேன், குதிரைவீரன் போன்றவர்கள் கிட்டப்போய் அடிக்கட்டும். மிச்சத்தை முடிக்க மட்டும் மேஜ்.

ட்ரோல் வெல்ப் மூன்றாவது குவியல். 42 எச்பி, ஒவ்வொரு முறையும் 8 எச்பி தானாக ஆறும். இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் அடித்ததில் பாதி வீண். நல்லவேளையாகச் சமவெளியில் அவனுக்குத் தப்பிக்கும் வாய்ப்பு 30% தான். யார் அடித்தாலும் 70% படும். தூர ஆயுதமும் இல்லை. ஆகவே அவனைப் புல்வெளிக்கு இழுத்து ஒரே முறையில் முடியுங்கள். முடியாது என்று கணக்குச் சொன்னால் அந்த முறை அவனைத் தொடவே வேண்டாம். அடிகளை வேறு ஆர்க் மேல் போடுங்கள். அவன் மலையில் ஏறி நின்றுவிட்டால் 60% தப்பிப்பான். அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள்.

வுல்ஃப் ரைடர் எட்டுக் கட்டம் ஓடி வந்து பின்னால் உள்ள கிராமங்களைப் பிடிக்கும். அதற்கு நம் வாள் ஏந்திய குதிரைவீரன் கேவல்ரிமேன் ஒருவன் போதும்.

பிணப்படை வேறு மாதிரி ஆட்டம். ஆர்க்குகளிடம் நமக்கு வேண்டியது இடமும் நேரமும். பிணப்படையிடம் ஆயுத வகைதான் முதல் கேள்வி. ஸ்கெலிட்டனுக்கு 34 எச்பி. வெட்டும் ஆயுதத்துக்கு 40% தடுப்பு, குத்தும் ஆயுதத்துக்கு 60%. நம் ஸ்பியர்மேனின் 7, அந்தி வேளையில் அதன் மேல் 3 ஆகிறது, இரவில் 2. எலும்புக்கூட்டை ஈட்டியால் குத்திக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும். அதே ஸ்கெலிட்டன் நசுக்கும் ஆயுதத்துக்கும் நெருப்புக்கும் 20% கூடுதலாக வாங்கும். ஹெவி இன்ஃபன்ட்ரிமேனின் கதாயுதம் 11, அந்தியில் அதன் மேல் 13 ஆகிறது. மூன்று அடியில் எலும்பு நொறுங்கிவிடும். ஸ்கெலிட்டனின் கோடாலி இந்த இரும்புக் கவசத்தின் மேல் இரவிலேயே 4 தான். ஹெவி இன்ஃபன்ட்ரி ஒருவன் இரவு முழுக்க இரண்டு ஸ்கெலிட்டன்களைத் தாங்கி நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அங்கேதான் டார்க் அடெப்ட் வருகிறான். பிணப்படையில் நான் உண்மையாகவே மதிக்கும் எதிரி இவன். 16 தங்கம், 28 எச்பி, கறுப்பு அங்கி போட்ட மனிதன். குளிர் மந்திரம் 10 வீதம் இரண்டு, மேஜிக்கல். நம் ஹெவி இன்ஃபன்ட்ரிக்குக் குளிருக்குத் தடுப்பு இல்லை, 10% கூடுதலாகவே வாங்குவான். இரவில் ஒரு அடி 14. ஹெவி இன்ஃபன்ட்ரியிடம் தூர ஆயுதமும் இல்லை, ஆகவே பதிலடியும் இல்லை. எலும்புக்கூடு முன்னால் நின்று ஈட்டிக்காரர்களைத் தடுக்க, அடெப்ட் பின்னாலிருந்து வந்து கவசக்காரனைக் கரைப்பான். இந்த ஜோடிதான் புதிதாக ஆடுபவர்களின் படையைத் தின்கிறது. ஸ்கெலிட்டனுக்கு எதிராக ஹெவி இன்ஃபன்ட்ரியை மட்டும் குவித்தால் அடெப்ட் சிரமமில்லாமல் ஜெயிப்பான். அடெப்டுக்கு எதிராக ஈட்டிகளைக் குவித்தால் ஸ்கெலிட்டன் ஜெயிக்கும்.

ஆனால் அடெப்டிடம் இருக்கும் ஓட்டை இந்த விளையாட்டிலேயே பெரியது. கிட்டத்து ஆயுதம் என்று ஒன்றுமே கிடையாது. கிட்டப்போய் அடிக்கும் எவரும் இலவசமாக அடிக்கலாம். இங்கே ஈட்டியோடு பாயும் நம் குதிரைவீரன் ஹார்ஸ்மேனை நினைவுகொள்ளுங்கள். அவனுடைய சார்ஜ், தாக்கும்போது அவன் அடியையும் இரட்டிப்பாக்கும், அவன் வாங்கும் அடியையும் இரட்டிப்பாக்கும். திருப்பி அடிக்க ஆயுதமே இல்லாதவன் மேல் பாய்ந்தால் இரண்டாவது பாதிக்கு அர்த்தமே இல்லை. 9 வீதம் இரண்டு, இரட்டிப்பானால் 18 வீதம் இரண்டு. இரண்டும் பட்டால் 36, அடெப்ட் காலி. ஒன்று மட்டும் பட்டாலும் மிச்சம் 10 எச்பி-யை அடுத்து வரும் யாரும் முடித்துவிடலாம். அதே ஹார்ஸ்மேனை ஸ்கெலிட்டன் மேல் விட்டால் 18 என்பது 7 ஆகச் சுருங்கிவிடும், கோடாலி இரட்டிப்பாகத் திரும்பி வரும். குதிரை போய்ச் சேரும் கட்டம் வரைக்கும் வழி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். எதிரியின் கட்டுப்பாட்டுக் கட்டங்கள் குறுக்கே இருந்தால் பாய முடியாது. ஆகவே முதலில் முன்னால் நிற்கும் ஸ்கெலிட்டன் ஒன்றை மேஜும் ஹெவி இன்ஃபன்ட்ரியும் சேர்ந்து உடைக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாகக் குதிரை உள்ளே போகும். அடித்த பிறகு அந்தக் குதிரை எதிரிகள் நடுவே நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். விடியலில் செய்தால் அடுத்து வருவது பகல், பிழைத்துவிடும். அந்தியில் செய்தால் பெரும்பாலும் திரும்பி வராது.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: அடெப்டை மேஜால் அடிப்பது. மேஜிக்கல் இரண்டாவது குவியல், தாக்கப்படும்போதும் 70% தான். மேஜுக்கு மேஜ் அடித்துக்கொண்டால் இரவில் இழப்பு நமக்குத்தான்.

கூல் என்ற பிணந்தின்னியின் நகம் 4 வீதம் மூன்று, கூடவே விஷம். இது தாக்கப்பட்டாலும் விஷம் ஏற்றும். கிட்டப்போய்த் தொடவே தொடாதீர்கள். தூர ஆயுதம் அதனிடம் இல்லை, ஆகவே அம்போ நெருப்போ போதும். அதற்கும் அவசரமில்லை. கூல் மெதுவாகச் சாகும், மெதுவாகக் கொல்லும். அடெப்ட் கண்ணில் படும்போது கூலின் மேல் அடியை வீணாக்குவதுதான் எதிரிக்கு வேண்டியது.

கோஸ்ட் ஏழு கட்டம் பறக்கும், 18 எச்பி மட்டும். ஆனால் வெட்டு, குத்து, நசுக்கு மூன்றுக்கும் 50% தடுப்பு. போதாததற்கு டிரெய்ன்ஸ்: அடித்த சேதத்தில் பாதி அதற்கே எச்பி-யாகத் திரும்பும், தாக்கப்பட்டுத் திருப்பி அடிக்கும்போதும். ஈட்டியால் அதைக் குத்தினால் நீங்கள் அடிப்பதை அது உங்களிடமே உறிஞ்சி ஆற்றிக்கொள்ளும். மேஜ் இருந்தால் இரண்டு பேர் போதும், தூரத்திலிருந்து. நெருப்புக்கு அந்த அளவு தடுப்பு அதற்கு இல்லை, 70% படவும் செய்யும். திருப்பி வரும் ஓலம் 3 வீதம் மூன்று, அதில் உறிஞ்சலும் இல்லை. வேம்பயர் பேட் என்ற வௌவாலும் உறிஞ்சும் வகைதான். 60% தப்பிக்கும் என்பதால் அடிக்க எரிச்சலாக இருக்கும். ஆனால் கிராமத்தில் உட்கார்ந்தால் மட்டும் அதற்கு 50% ஆகிவிடும். கிராமத்தைப் பிடிக்க வரும்போதுதான் அதை அடிக்க நல்ல நேரம்.

வாக்கிங் கார்ப்ஸ் 8 தங்கத்துக்கு வரும் நடைப்பிணம். லெவல் 0 என்பதால் கட்டுப்பாட்டுக் கட்டம் கிடையாது, நம் ஆட்கள் அதன் பக்கத்தில் தாராளமாகக் கடந்து போகலாம். அதன் கையால் நம் ஆள் செத்தால் பிளேக் திறனால் அதே இடத்தில் இன்னொரு நடைப்பிணமாக எதிரி பக்கம் எழுந்துவிடுவான். ஆகவே காயம்பட்ட ஆட்களை இவற்றின் கைக்கு எட்டாமல் பின்னே இழுங்கள். லெவல் 0-வைக் கொன்றால் 4 அனுபவப் புள்ளி. லெவல் 1-ஐக் கொன்றால் 8. இந்த 4 புள்ளிகளை எல்லாம் மேஜ்களுக்குக் கொடுங்கள். ஒரு மேஜ் ஒயிட் மேஜாக உயர்ந்த நாளில் பிணப்படையோடு உங்கள் கதையே மாறிவிடும். அவருடைய ஒளி ஆர்கேன் வகை. எலும்புக்கும் ஆவிக்கும் அதுதான் எமன். விஷம் முறிப்பார், பக்கத்தில் நிற்பவர்களுக்கு 8 எச்பி ஆற்றுவார்.

ஸ்கெலிட்டன் ஆழமான நீரில் மூழ்கி ஒளியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆற்றங்கரையில் ஆள் இல்லாமல் மேஜை ஓய்வுக்கு விட்டால், கண்ணில் படாமல் வந்து பக்கத்தில் எழும்.

பெரிய போர்களில் ஷேடோ வரும், கோஸ்டின் அடுத்த லெவல்களில் ஒன்று. முன்னே சொன்ன ஸ்கர்மிஷர் இதற்கு உண்டு. இரவில் பக்கத்தில் போகும்வரை தெரியாது. பேக்ஸ்டாப்பும் உண்டு: அடிபடும் ஆளுக்கு நேர் எதிர்ப்பக்கக் கட்டத்தில் எதிரியின் இன்னொரு யூனிட் நின்றால் அடி இரட்டிப்பு. இதற்கு எதிராக இடைவெளி விட்ட வரிசை உதவாது. இரவு வருவதற்கு முன்பே கட்டத்தோடு கட்டம் ஒட்டி நெருங்கி நில்லுங்கள், வரிசையின் இரு முனையையும் யாரும் கடக்க முடியாத சுவரிலோ வரைபடத்தின் ஓரத்திலோ முட்டுங்கள். பின்னால் போக வழி இல்லையென்றால் முதுகில் குத்த முடியாது. பேக்ஸ்டாப் தாக்கும்போது மட்டும்தான். பகலில் அது வெளியே தெரியும்போது மேஜ்கள் முந்திக்கொண்டு அடித்தால் அது வெறும் ஆவி.

குள்ளர்களில் உல்ஃப்செர்க்கர் என்ற ஒருவன் இருக்கிறான், எதிரியாக வந்தால் ஞாபகம் வையுங்கள். அவனுடைய பெர்செர்க் சண்டையை முப்பது சுற்று வரை இழுக்கும், ஒருவர் சாகும்வரை. கிட்டத்து ஆயுதம் வலுவில்லாத மேஜ், வில்லாளி எல்லோரும் அவனுக்கு இரை. ஆனால் இரு பக்கமும் வெட்டும் திறன் இது. நல்ல எச்பி-யோடு இருக்கும் ஹெவி இன்ஃபன்ட்ரியை அவன் எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள், மெல்லியவர்கள் எல்லோரையும் அவன் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

கடைசியாக, எதிரியை ஆட்டுவது கணினி என்றால் அதன் குணமும் ஒரு திறன் மாதிரிதான். தாக்குவதில் அதற்கு ஆசை அதிகம். அதன் ஆக்கிரமிப்பு அளவு இயல்பாக 0.4, எச்சரிக்கை அளவு 0.25 என்று வைத்திருக்கிறார்கள். இரவு வரட்டும் என்று ஆர்க் படை காத்திருப்பதில்லை. பகலிலும் வந்து மோதும். கிராமங்களையும் நம் தலைவனையும் குறிவைத்து வரும். வேகமானவை முன்னே, மெதுவானவை பின்னே என்று சிதறி வரும். ஆகவே அந்தியில் இரண்டு மூன்று கட்டம் பின்வாங்குங்கள். கிராமமும் மலையும் உள்ள இடத்தில் வரிசை பிடித்து இரவு இரண்டு முறையையும் தாங்குங்கள். அந்த இரண்டு முறைகளில் கொல்ல ஆசைப்பட வேண்டாம், சாகாமல் இருந்தால் போதும். விடியலில் எதிரிகள் நம் வரிசைக்கு முன்னால் அடிபட்டு, புல்வெளியில் நின்றுகொண்டிருப்பார்கள். அடுத்து விடியலையும் சேர்த்து மூன்று முறை நம்முடையது.

முதலில் 100 தங்கம் இருந்தால் என்ன ஆள் எடுப்பது என்றும் கேட்கத் தோன்றும். ஆர்க்குகள் என்றால் மூன்று ஸ்பியர்மேன், இரண்டு மேஜ், ஒரு கேவல்ரிமேன்: 99 தங்கம். பிணப்படை என்றால் இரண்டு ஹெவி இன்ஃபன்ட்ரி, இரண்டு மேஜ், ஒரு கேவல்ரிமேன்: 95 தங்கம். கேவல்ரிமேனுக்குக் குளிரைத் தாங்கும் சக்தி கொஞ்சம் உண்டு என்பதால் அடெப்டைத் துரத்த அவனே நல்ல ஆள். ஹார்ஸ்மேன் 23 தங்கம், அடுத்த சுற்று ஆள்சேர்ப்பில் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் எதிரி எத்தனை அடெப்ட் எடுத்திருக்கிறான் என்று பார்த்த பிறகு.